மாயாவி ஏன் சாவதில்லை?

முகமூடி வீரர் மாயாவிக்கு இப்போது என்ன வயதிருக்கும்? ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அவருக்கு ஏது சார் வயசு, அவர்தான் சாவே இல்லாதவராச்சே" என்பார்கள்.

லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936 பிப்ரவரி 17 அன்று ஆரம்பித்த செய்தித்தாள் படக்கதை அது. ஆங்கிலத்தில் ஃபேண்டம். முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. (இரும்புக்கை மாயாவி வேறு ஆசாமி. அவரிடம் பிறகு வருகிறேன்.) லீ ஃபாக் 1999ல் காலமாகிவிட்டார். மாயாவி இன்னும் குதிரை ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்.

ரகசியம் வாசகர்களுக்குத் தெரியும். கதைப்படி 1536ல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பின் அவன் மகன், பிறகு பேரன் என்று அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறார்கள். இப்போது இருப்பவர் 21ஆவது ஆள். குண்டு பட்டால் ரத்தம் வரும், வயதாகும், ஒருநாள் செத்தும் போவார். குகைக்குள் முன்னோர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. வெளியே இருக்கிற காட்டு ஜனங்களுக்குத்தான் அவர் ஒரே ஆள்.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதில்லை. கம்பெனி சட்டத்தில் முதல் பாடமே 'பெர்பெச்சுவல் சக்சஷன்'தானே. பங்குதாரர்கள் வருவார்கள், போவார்கள், கம்பெனி மட்டும் தொடரும். மாயாவி அப்படி ஒரு கம்பெனி. காமன் சீல்கூட உண்டு, மண்டையோட்டு மோதிரம்! (2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காமன் சீல் கட்டாயமில்லை. இதைப் போய் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாடையில் முத்திரை விழும் :-))

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் தமிழைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், காட்டு ஜனங்கள் மாயாவியைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கிறது. "ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற மொழி சார், அதுக்கு ஒண்ணும் ஆகாது." குகைக்குள் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

நான் பிறந்து வளர்ந்த சித்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதி எல்லாம் அங்கேயே நின்றன. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. இரண்டு மொழியும் பேசுவது எங்களுக்கு லாபமே தவிர நஷ்டமில்லை. ஆனால் எங்கள் தெருவில் சரளமாகத் தமிழ் பேசிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும்தான்.

எனக்கு எழுத்தை அறிமுகம் செய்தவர் அம்மா. அதை ஓடவிட்டது மாதம் இரண்டு முறை வந்த ராணி காமிக்ஸ். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பங்க் கடையில் கயிற்றில் தொங்கும். அப்பா வேலையாகத் திருப்பதி போனால் அங்கிருந்தும் ஒன்று வரும். ஒரு கட்டத்தில் ஆறேழு வார்த்தைதான். பாதி அர்த்தத்தைப் படமே சொல்லிவிடும், மீதியைத் தெரிந்துகொள்ள எழுத்துக்கூட்டியே ஆகவேண்டும். 'ற'வா 'ர'வா என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன்களுக்கு நான் சத்தமாகத் தெலுங்கில் கதை சொல்வேன். கையில் புத்தகம் இருந்ததால் அந்த அரை மணி நேரம் தெருவில் நான்தான் பெரிய ஆள்.

வெளிநாட்டுக்கு வந்ததால் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது என்று புலம்புகிறோம். மாயாவியின் பிள்ளைகளும் வெளியூரில்தான் வளர்ந்தார்கள். மகள் ஹெலாய்ஸ் படிக்கப் போனது நியூயார்க். மகன் கிட் போனது இமயமலையில் ஒரு மடாலயம். தூரம் அங்கே தடையாக இல்லை. முன்னோர்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளை மகன் படித்திருக்கவேண்டும், பயிற்சி எடுத்திருக்கவேண்டும், விருப்பப்பட்டு சத்தியம் செய்யவேண்டும். 21 தலைமுறையில் ஒரே ஒரு அப்பா "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் கம்பெனி அன்றைக்கே மூடியிருக்கும்.

இப்போது இரும்புக்கை மாயாவி. 1962ல் லண்டனின் வேலியண்ட் பத்திரிகையில் பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். வேலியண்ட் 1976ல் நின்றுபோனது. ஆனால் 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர், இன்றும் தமிழில் பேசப்படுகிறார். இன்னொரு பக்கம், சுமார் 500 இதழ்கள் கண்ட ராணி காமிக்ஸ் 2005ல் நின்றது. எந்த வில்லனும் சுடவில்லை. கதாநாயகனுக்கு வயதாவதில்லை, நமக்குத்தான் ஆகிறது. இன்று காமிக்ஸ் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள் அல்லது என்னிலும் மூத்தவர்கள். அடுத்த வாசகன் எங்கே?

"காட்டு மக்களை ஆளும் வெள்ளைக்காரன் கதையையா பிள்ளைக்குக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1964ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸிலேயே 'பெங்காலி' என்ற நாட்டின் பெயரை 'டெங்காலி' என்றும், 'சிங்' கொள்ளையரை 'சிங்கா' என்றும் மாற்றித்தான் போட்டார்கள். நம் ஊர் வாசகருக்கு எது உறுத்தும் என்று யோசித்திருக்கிறார்கள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, இந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்கலாம். வரும் பதில் பாடப்புத்தகப் பதிலைவிட நன்றாகவே இருக்கும்.

வார இறுதித் தமிழ் வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எழுத்தைக் கற்றுத்தரும். எழுத்தின் மேல் ஆசை வர வேறொன்று வேண்டும். சிவகாசியிலிருந்து லயன், முத்து காமிக்ஸ் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஊறுகாய் பாட்டிலில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, நாலு புத்தகம் பெட்டியில் வையுங்கள். தினம் இரண்டு பக்கம் போதும். ஒரு கட்டம் நீங்கள், ஒரு கட்டம் பிள்ளை. 'தொடரும்' என்ற வார்த்தையை மட்டும் பிள்ளையே படிக்கட்டும்.