சித்தர் இருக்கிறார், மலைக்காரர் எங்கே?

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அஞ்சலிகள் வரத் தொடங்கிய அன்றே அவருடைய வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சன் டிவியில் ‘மர்மதேசம்’ பார்த்துப் போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தொடுகிறார்கள். அவர்களுக்கு அவர் சிறுவயதின் எழுத்தாளர். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்பவர்களுக்கு அவர் சித்தர் ரகசியங்களைத் திறந்து காட்டியவர். எதிரே நிற்கும் பகுத்தறிவுத் தோழர்களோ, பெரியார் இயக்கம் தெருத்தெருவாகப் பேசிச் சேர்த்ததை வாராவாரம் தொடர்கதையில் கரைத்தவர் என்கிறார்கள். இன்னும் சிலருக்கு அவர் எழுதியது இலக்கியமே இல்லை. அதற்குமேல் பேச அவர்களுக்கு ஒன்றுமில்லை.

நான் இந்தச் சண்டையைக் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பார்க்கிறேன். எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில், அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும் அதே அறையில், கை மாறி மாறி அட்டை கிழிந்துபோன புத்தகங்கள் அவருடையவைதான். சேரிப் பிள்ளைகள் அவரை விரும்பிப் படிக்கிறார்கள். ‘குப்பை’ என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. அதற்காக அந்தக் கதைகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலும் விட முடியாது. இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி அதுதான்.

பகுத்தறிவுத் தோழர்களின் முதல் குற்றச்சாட்டு முழுக்கச் சரியில்லை. ‘விட்டுவிடு கருப்பா’வை எடுத்துக்கொள்வோம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்று தொடராக வந்ததே, அதுதான். ஊரில் தப்பு செய்தவனைக் குதிரையில் வரும் கருப்பு தண்டிக்கிறது. கடைசியில் பார்த்தால் அது ஒரு மனிதனின் பிளவுபட்ட மனம். ஆனாலும் கருப்பு இல்லை என்று கதை உறுதியாகச் சொல்லிவிடாது. அறிவியல் விளக்கம் ஒரு கையில், சாமி விளக்கம் இன்னொரு கையில். வேண்டியதை எடுத்துக்கொள் என்று வாசகனிடம் நீட்டுவதே அவருடைய பாணி. இந்த இரண்டு கையையும் வைத்துத்தான் இத்தனை காலமாகச் சண்டை நடக்கிறது. ஊர் எல்லையில் இருக்கும் கருப்பு யாருடைய சாமி, அதன் திருவிழாவில் பறையடிப்பவர் எங்கே நிற்கிறார், அவருக்கு விபூதி கையில் கொடுக்கப்படுகிறதா தூக்கிப் போடப்படுகிறதா என்பது எந்தக் கையிலும் இல்லை.

கொல்லிமலைக்கு வருவோம். தமிழ் மர்மக் கதைகளுக்கு நிரந்தரமாகக் குத்தகைக்கு விடப்பட்ட மலைகள் சில உண்டு: சதுரகிரி, பொதிகை, கொல்லி. இந்தக் குத்தகையில் இந்திரா சௌந்தர்ராஜன் ஒருவர்தான் என்றில்லை. மாத நாவல்கள், பக்தி இதழ்கள், இப்போது யூடியூப் சேனல்கள் எல்லாம் பங்காளிகள். சித்தர்களையும் மலைகளையும் வெகுஜன வாசிப்பின் நடுவில் கொண்டுவந்து வைத்ததில் அவர் பங்கு பெரியது, அதனால் பேச்சு அவரிடமிருந்து தொடங்குகிறது. இந்தக் கதைகளின் மலையில் கோரக்கர் குகை இருக்கும், காலாங்கிநாதர் குகை இருக்கும், சாகா மூலிகை இருக்கும், சிரித்துக் கொல்லும் பாவை இருக்கும். நகரத்திலிருந்து ஒரு டாக்டரோ பத்திரிகையாளரோ வருவார். வழிகாட்ட ஒரு மலைவாசி வருவான். எச்சரிப்பான், பயப்படுவான், பாதியில் செத்துப்போவான் அல்லது காணாமல் போவான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தால் அதிகம்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் பார்ப்பது வேறு மலை. அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று மலைகளில் குடியேறியதாக அவர்களுக்குச் சொந்தக் கதை இருக்கிறது. (அந்தக் கதையிலும் வேளாளப் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெயருக்குப் பின்னால் கவுண்டர் போடுகிறவர்கள் அங்கேயும் உண்டு. மலைக்காரர் என்பதற்காக நான் அதை மறைக்கப்போவதில்லை.) சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது, மிளகும் காப்பியும் ஏறின. பாக்சைட் எடுக்க மால்கோ வந்து மலையைத் தோண்டியது. 2006ல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், பட்டா என்று கேட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் நடக்க வேண்டியிருக்கிறது. இதில் மர்மமா இல்லை? ஒரு மலையின் நிலம் எப்படிக் கைமாறியது என்று துப்பறிய ஒரு நாவல் போதாது.

மூலிகை விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்கும் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது. அதை எந்தப் பாறையிலிருந்து, எந்தப் பருவத்தில், எவ்வளவு எடுத்தால் மறுபடி தழைக்கும் என்று தெரிந்தவர்கள் மலைப் பெண்கள். ரோமம் சுரண்டி, இடித்து, மிளகு தட்டிப் போட்டு விற்பதும் அவர்கள்தான். கடைப் பலகையில் மட்டும் ‘சித்தர்கள் அருளிய மூலிகை’ என்று இருக்கும். அவர்களே அப்படி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. வாங்க வருகிறவர் நாவல் படித்துவிட்டு வருகிறார், பழங்குடிப் பெண்ணின் அறிவு என்றால் அவருக்கு அது அழுக்கு, சித்தர் வாக்கு என்றால் மருந்து. ஒரு கதை மரபு ஒரு சமூகத்தின் அறிவை எடுத்து இன்னொருவர் பெயரில் எழுதிக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

பாவையும் அப்படித்தான் மாறியிருக்கிறாள். சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை காற்றும் மழையும் அசைக்க முடியாத ஓர் அழகு. காதலியின் அழகுக்கு உவமை. பின்னால் சேர்ந்த கதையில்தான் முனிவர்களின் தவத்தைக் கெடுக்க வரும் அசுரர்களை மயக்கிச் சிரித்துக் கொல்லும் பொம்மை ஆகிறாள். மலைக்குப் புதிதாக வந்தவர்கள் முனிவர்கள். அப்படியானால் அசுரர்கள் யார்? மர்மக் கதைக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது பாவையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். திகிலுக்கு அதுதான் தோது, ஒப்புக்கொள்கிறேன். செத்த அசுரனின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை ஒருவரும் சொல்லிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இங்கேதான் பகுத்தறிவுத் தோழர்களோடும் எனக்குத் தகராறு. ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று தள்ளிவிட்டால் கட்டுக்கதை தானாகச் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் அப்படி நினைக்கவில்லை. அவரே சித்த மருத்துவர். 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, ஒவ்வொரு பண்டிகையையும் புராணத்தையும் பிரித்துப் போட்டு வேறாகக் கட்டினார். தீபாவளியை எள்ளெண்ணெய் கண்டுபிடித்த நாளாகச் சொன்னார். நெருப்பில் இறக்கப்பட்ட நந்தனை, வஞ்சிக்கப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார். வரலாற்று ஆதாரம் எங்கே என்று இன்று கேட்பவர்கள் கேட்கட்டும். கதையை எதிரியிடம் விட்டுவிட்டு வரக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மிகுபுனைவு என்று இன்று பெரிய பெயர் வைக்கிறோம். எங்கள் ஆட்கள் அதை எப்போதோ செய்திருக்கிறார்கள்.

உடுக்கை அடித்துச் சொல்லும் கதைகளையும் பாருங்கள். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். முத்துப்பட்டன் பார்ப்பனனாகப் பிறந்து சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து வாழ்ந்து கொல்லப்பட்டவன். நம் சாமிகளில் பலர் கொலைவழக்குகள். அமானுஷ்யம் அங்கே நியாயம் கிடைக்காத ஒரு சாவிலிருந்து வருகிறது. வெகுஜன மர்ம நாவலில் அது வேறு இடத்திலிருந்து வருகிறது: நவபாஷாணம், ஏட்டுச்சுவடி, ஜாதகம், கோயில் கருவறை. ‘மர்மதேசம்’ வரிசையின் முதல் தொடரான ‘ரகசியம்’ நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய கதை. விறுவிறுப்பு எல்லாம் உண்டு, பழி சொல்ல மாட்டேன். அந்த லிங்கத்தைத் தொட யாருக்கு உரிமை இருந்தது என்று மட்டும் ஊர் கேட்காது, வாசகரும் கேட்க மாட்டார்.

இப்படிக் கேட்காமல் விடுவதற்குச் சன்மானமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள மலையை விட்டு இறங்கி, இதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும். பெருமாள்முருகன் ‘மாதொருபாகன்’ நாவலில் அர்த்தநாரீஸ்வரர் கோயில் திருவிழாவையும் குழந்தையில்லாத ஒரு தம்பதியையும் எழுதினார். 2010ல் வந்த புத்தகம். 2014 டிசம்பரில் எரித்தார்கள், பிறகு கடையடைத்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம்தான் அவரை எழுந்து வரச் சொன்னது. கோயிலைப் பற்றி இஷ்டத்துக்குக் கற்பனை செய்யும் மர்ம நாவல்கள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. கருவறைக்குள் கொலை, சிலைக்குள் விஷம், கோபுரத்தில் பேய். ஒன்றுக்காவது இப்படி ஊரைத் திரட்டிக் கடையடைத்தார்களா? சாதி என்கிற நரம்பை அவை தொடுவதில்லை என்று எரிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆன்மிகக் கட்சி வாசகர்கள் ‘புண்படுத்தாத எழுத்து’ என்று புகழும்போது எனக்கு இந்த நெருப்புதான் ஞாபகம் வருகிறது.

நாவல் எரிந்து ஆறு மாதத்தில், 2015 ஜூன் 23 அன்று, அதே திருச்செங்கோடு மலைக் கோயிலுக்குத் தன்னோடு படித்த பெண்ணுடன் வந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயில் கேமராவில் பதிவானது வழக்கில் சான்றானது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. கோயில், இரவு, காணாமல்போனவன், துப்பு: மர்மக் கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இதில் இருக்கிறது. அறுநூறு ஆண்டுக்கு முன்னால் நடந்திருந்தால் அவரும் இன்று எல்லையில் ஒரு சாமியாக நின்றிருப்பார்.

‘செத்துப்போன மனிதரை ஏன் இழுக்கிறாய், பொழுதுபோக்குக்குப் படிப்பதில் சாதி எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். உலக மிகுபுனைவு விருதாகப் பல ஆண்டுகள் லவ்கிராஃப்டின் தலைச் சிலையைக் கொடுத்துவந்தார்கள். திகில் எழுத்தின் பெரிய ஆள், பச்சையான இனவெறியர். 2011ல் அந்த விருதைப் பெற்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், இந்த மனிதரின் தலையை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று வெளிப்படையாக எழுதினார். வாசகர்கள் இரண்டாகப் பிளந்து சண்டை போட்டார்கள். 2015ல் சிலையை மாற்றுவதாக அறிவித்தார்கள். லவ்கிராஃப்டின் புத்தகங்கள் இன்றும் விற்கின்றன, யாரும் தடை கேட்கவில்லை. 2016, 2017, 2018 மூன்று ஆண்டும் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதைக் கறுப்பினப் பெண்ணான என்.கே. ஜெமிசின் வாங்கினார். இந்திரா சௌந்தர்ராஜனை லவ்கிராஃப்டோடு நான் ஒப்பிடவில்லை. அவர் அப்படி யார்மேலும் வெறுப்பைக் கொட்டியவர் இல்லை. அங்கே கேள்வி கேட்ட பிறகு மிகுபுனைவு சாகவில்லை, பெருகியது என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பகத்தில் அவருடைய புத்தகங்கள் இருக்கும். கிழிந்த அட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறோம். ஆடி பதினெட்டுக்கு அரசு வல்வில் ஓரி விழா எடுக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போவதாக இருக்கிறோம். மேடையில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் துளைத்ததைச் சொல்வார்கள். அவனைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். நாங்கள் அந்த இடத்தில் நிறுத்தப் போகிறோம். மலை கைமாறிய மறுநாள் காலையில் சாமை அறுக்கப் போனவளுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கு நாலு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். சித்தர், பாவை, பேய் எது வேண்டுமானாலும் வரலாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.