கண்டால் போதுமா?

அறிவியல் பயிலும் மாணவனுக்குக் கதைப்புத்தகம் எதற்கு என்று கேட்பவர் பலர். அவர்கள் நல்லவர்களே, நம்மீது அக்கறை கொண்டவர்களே. தேர்வுக்கு உதவாத ஏட்டை ஏன் புரட்டுகிறாய், பொழுது போகவேண்டுமானால் தொலைக்காட்சி இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. இலக்கியத்தால் அறிவியலுக்குப் பயனில்லை என்பது ஒன்று. கண்டால் போதும், படிக்க வேண்டுவதில்லை என்பது மற்றொன்று.

முதற்பிழைக்கு மறுமொழி நம் நகரிலேயே கிடைக்கும். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1933இல் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். தம்மை உருவாக்கியவை என்று அவர் மூன்று நூல்களைச் சொன்னார். யூக்ளிடின் வடிவியல் ஒன்று. இசையொலி பற்றி எல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது ஒன்று. மூன்றாவது, புத்தர்பிரானின் வாழ்வை எட்வின் ஆர்னால்டு பாடிய காவியம். கவிமணி தமிழில் தழுவி ‘ஆசிய ஜோதி’ என்று தந்தாரே, அதன் மூலம்தான் அது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிக்கே மூன்றில் ஒன்று கவிதையாக இருந்தது. நமக்கு மட்டும் அது வீண்வேலை ஆகிவிடுமா?

இரண்டாம் பிழைதான் இக்காலத்தில் பெரியது. அதற்கும் இவ்வூரோடு தொடர்புடைய ஒரு கதையையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் 1906இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூரில் வாழ்ந்தவர் ஆர். கே. நாராயண். 1930இல், பெங்களூரில், பாட்டி குறித்துக்கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி எழுத அமர்ந்தார். ஒரு சிறு ரயில் நிலையம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. அதுவே மால்குடி. மல்லேசுவரமும் பசவனகுடியும் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று என்று ஊரார் சொல்வதுண்டு; அவர் அப்படிச் சொல்லவில்லை. சுவாமி என்ற சிறுவனின் கதை 1935இல் நூலாக வந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், கன்னடக் கலைஞர் சங்கர் நாக் அவ்வூரைத் தூர்தர்சனுக்காகப் படமாக்கினார். மழைக்குப் பேர்போன ஆகும்பே மால்குடியாயிற்று. சிறுவன் மஞ்சுநாத் சுவாமியானான். கிரீஷ் கர்னாட் அவன் தந்தையானார். நாராயணின் தம்பி இலட்சுமணின் சித்திரங்களும் எல். வைத்தியநாதனின் இசையும் சேர்ந்தன. தமிழர் கண்ட கனவுக்குக் கன்னடர் உருக்கொடுத்தார். 1990இல், 35 வயதில் சங்கர் நாக் மறைந்தார்; ஆயினும் நாம் பிறக்கும் முன்னர் வந்த அத்தொடரை இன்றும் கைப்பேசியில் கண்டு களிக்கிறோம்.

நானும் களித்தவனே. ஆனால் நான் முதலில் நூலைப் படித்தேன். அப்போது என் மால்குடியில் என் தாயார் பிறந்த ஊரின் தெரு இருந்தது. சுவாமிக்கு என் பள்ளித்தோழன் ஒருவனின் முகம் இருந்தது. தொடரைப் பார்த்தபின் அம்முகம் மறைந்து மஞ்சுநாத்தின் முகமே நிலைத்துவிட்டது. அழகிய முகந்தான், எனினும் அது சங்கர் நாக் தேர்ந்த முகம். படிப்பவன் ஊரைத் தானே கட்டுகிறான்; பார்ப்பவன் பிறர் கட்டிய ஊரில் விருந்தாளியாகத் தங்குகிறான். விருந்து இனிதே. வாழ்நாள் முழுதும் விருந்தாளியாகவே இருக்கலாமோ?

நண்பர்களே, இக்கேள்வி நம்மைப்போல் குடிபெயர்ந்து வந்தவர்களைச் சுடவேண்டும். என் தந்தையார் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர். நான் படித்த பள்ளியில் தமிழ் இல்லை. நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்து என் தாயார்தாம் எழுத்துக் கற்பித்தார். அந்தப் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நம் சங்க மேடையில் தேனொழுகப் பேசும் நண்பர் சிலர், கையில் உள்ள தாளில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் படம் ஒன்றையும் அவர்கள் விட்டதில்லை. தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் தொட்டதில்லை. அவர்களைக் குறைகூறேன். ஆனால் ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க அடுத்த வீட்டாரைத் தேடுவது பெரும் இழப்பு அல்லவா? பேச்சு மட்டும் தெரிந்த வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் பேச்சும் தேய்ந்துவிடும்.

படித்தால் மட்டும் போதாது. படித்ததையும் பார்த்ததையும் எழுதவும் வேண்டும். இதற்கும் பெங்களூரில் முன்னோடி உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் எழுத்தாளர் சுஜாதா. மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. அவர் ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் தாம் படித்தது, பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் நண்பரோடு பேசுவதுபோல் நெடுங்காலம் எழுதிவந்தார். ஒரு பக்கந்தான். அந்த ஒரு பக்கத்துக்காக இதழைக் கடைசியிலிருந்து திறந்தவர்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் குறிப்பேட்டில் பதியாமல் விட்டால் ஆசிரியர் ஒப்புவாரா? உள்ளத்தில் கண்டதற்கும் அதே விதிதான்.

ஆகவே ஒன்று சொல்வேன். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் சங்க அறையில் கூடுவோம். எழுத்தறிந்தவர் ஒவ்வொருவரும் அறியாத ஒருவரைத் தம் பொறுப்பில் ஏற்கட்டும். 247 எழுத்து என்று மலைக்க வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்ற 216உம் இவற்றின் சேர்க்கையே. 118 தனிமங்களையும் அவற்றின் குறியீடுகளையும் மனத்தில் வைத்திருக்கும் வேதியியல் நண்பருக்கு இது எம்மாத்திரம்? படிக்கத் தொடங்கியவர் மூன்றாம் திங்களில் இவ்விதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். வெற்றுத் தாளைத் திருத்த எவராலும் ஆகாது.