பூஞ்சக்காளான் மருந்துக்கு அடங்காமற்போவது ஏன்?

நிலக்கடலை சாகுபடி செய்யும் குடியானவர்கள், "சென்ற வருஷம் கேட்ட மருந்து இவ்வருஷம் கேட்கவில்லை, வியாதி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று முறையிடுவதை நான் அடிக்கடி கேட்கிறேன். காலங்கடந்து தெளித்தாலும் இவ்வாறு நேரக்கூடும். ஆயினும் வேறொரு காரணமும் உண்டென்பதை நமது ரயத்துகள் அறிதல் அவசியம்.

பழகுவதென்பது சரியான சொல்லன்று. டிக்கா என்னும் இலைப்புள்ளி வியாதிக்குக் காரணமான பூஞ்சக்காளான் எண்ணற்ற வித்துக்களை உண்டாக்குகிறது. அவற்றுள் ஓரிரண்டு, மருந்து தெளிக்குமுன்னரே பிறவியில் சிறிது மாறுபட்டிருக்கும். டெபுகோனசோல் முதலிய அசோல் மருந்துகள், காளானின் உயிரணுச் சவ்வுக்கு இன்றியமையாத எர்கோஸ்டெரால் என்னும் பொருளை ஆக்கும் ஒரே நொதியைத் தடுக்கின்றன. அந்நொதியின் அமைப்பு சற்றே திரிந்தாலும், அது மிகுதியாக உண்டானாலும், உட்புகுந்த மருந்தைக் காளான் வெளியே தள்ளிவிட்டாலும் மருந்தின் வேகம் குறைந்துபோம். ஏனையவை மாள, இவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. களையெடுப்போர் கண்ணுக்கு நெல்லைப்போலவே தோன்றும் புல், தப்பி நின்று விதை உதிர்ப்பதை நாம் கண்டதில்லையா?

அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலை நிலங்களில் பெனோமில் என்னும் மருந்துக்கு 1970களில் நேர்ந்த கதி இதுவே. மாறாக, 1885இல் பிரான்சு தேசத்து மில்லார்டே வெளியிட்ட போர்டோக் கலவையிலுள்ள தாமிரம், காளானைப் பல இடங்களில் தாக்குவதால் இன்றளவும் பெரிதும் பயன்படுகிறது.

என் பிழையொன்றையும் இங்கே கூறவேண்டும். "ஒரே மருந்தை அடிக்காதீர், மாற்றி மாற்றி அடிப்பீர்" என்று ஒரு குடியானவருக்கு யோசனை கூறினேன். அவரும் அவ்வாறே செய்தார். பருவ முடிவில் வரப்பிற் கிடந்த காலி டப்பாக்களைப் பார்த்தேன்: ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல். மூன்றும் ஒரே இனம்! பெயரை மாற்றச் சொன்னேனேயன்றி இனத்தை மாற்றச் சொன்னேனில்லை.

இது கடலையோடு நிற்பதுமன்று. மண்ணிலும் மக்கும் குப்பையிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்னும் காளான், பலவீனமுற்ற மனிதரின் நுரையீரலைப் பற்றுவது. அதற்கு வைத்தியர் கொடுப்பனவும் அசோல் மருந்துகளே. வயலில் நாம் தெளிப்பது தற்செயலாய் இதன்மீதும் படுகிறது. அசோலுக்கு அடங்காத இவ்வகைக் காளான், நெதர்லாந்து தேசத்தில் நோயாளிகளிடம் மட்டுமன்றி மண்ணிலும் கண்டறியப்பட்டது. நம் நாட்டு நெல்வயல், தேயிலைத்தோட்ட மண்களிலும் அது இருப்பதை 2012இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

ஆகவே என் அபிப்பிராயம் இது. மருந்தினங்களுக்குப் பிராக் என்னும் சர்வதேசக் குழு எண்கள் அளித்திருக்கிறது. பெனோமிலின் இனம் 1, அசோல் இனம் 3. நம் இலாகா அச்சிடும் சிபாரிசுப் பட்டியல்களிலும், டப்பாவின் முகப்பிலும் இவ்வெண் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். குடியானவர்க்கு இது விளங்காதென்று சில நண்பர்கள் ஆட்சேபிக்கின்றனர். அவர்கள் உரக்கடை வாயிலில் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும். 17:17:17 என்று எண்ணைச் சொல்லியே அவர் மூட்டை கேட்கிறார்.