கூரைமேல் குளிர்சாதனம்: எறிவதா, இயக்குவதா?

அமெரிக்க நாட்டில் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டுவண்டிகள் உண்டு. 'டிராவல் டிரெய்லர்' என்பது அவற்றின் பெயர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். எஞ்சின் மட்டும் இராது. ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ உள்ள முகாம் திடலுக்கு இழுத்துப் போய் நிறுத்தி, அங்குள்ள மின்கம்பத்திலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் எடுத்துக்கொண்டு சில நாட்கள் வாழ்வார்கள். 1960களிலும் 70களிலும் செய்யப்பட்ட பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் அங்கே இன்று ஏராளம். தச்சு வேலை, தகர வேலை, குழாய் வேலை எல்லாம் தாமே செய்துகொள்ளும் இவர்கள் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது கூரை.

கூரையின் நடுவே காளையின் திமில் போல ஒரு பெட்டி புடைத்து நிற்கும். அதுதான் குளிர்சாதனம். ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் தின்ற பெட்டி. வண்டியை வாங்கியவர் மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார். அது 'ம்ம்' என்று முனகி நிற்கிறது. அல்லது வெறுங்காற்றை வீசுகிறது. அல்லது மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது. உடனே சுற்றி நிற்கும் நாலு பேர், "கேஸ் போய்விட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டு" என்கிறார்கள். இது விசாரணையில்லாமல் வழங்கப்படும் மரண தண்டனை என்பது என் கருத்து. பெரும்பாலான சமயங்களில் குற்றவாளி வாயு அன்று. அவசரப்பட்டு எறிவதால் வீணாவது பணம் மட்டும் என்றால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன்; அந்தப் பெட்டிக்குள் அடைபட்டிருப்பது திறந்துவிடக் கூடாத ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுவண்டியைக் குளிர்விக்கும் ஆசை புதிதன்று. ஏர்ஸ்ட்ரீம் என்னும் புகழ்பெற்ற அலுமினிய வண்டியை உருவாக்கிய வாலி பயம், 1936இல் 'கிளிப்பர்' என்ற வண்டியை வெளியிட்டபோதே அதில் உலர்பனிக்கட்டியைக் கொண்டு குளிரூட்டும் ஏற்பாடு ஒன்று இருந்தது. உலர்பனிக்கட்டி என்பது வேறொன்றும் இல்லை, உறைந்த கரியமில வாயு. மூடிய அறையில் தூங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு நல்லது என்று வேதியியல் நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்! பின்னர் 1960களில் கம்ப்ரஸர் வைத்த கூரைப் பெட்டிகள் பரவின. ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் ஆர்ம்ஸ்ட்ராங், மற்ற பல வண்டிகளில் கோல்மன் ஆகிய பெயர்களை இன்றும் அந்தக் கூரைகளில் காணலாம்.

'கேஸ் போய்விட்டது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? காரிலிருந்து வந்தது என்று எண்ணுகிறேன். காரின் குளிர்சாதனத்தில் கம்ப்ரஸரை எஞ்சினின் பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அச்சைச் சுற்றி ஓர் அடைப்பு வேண்டும். எஞ்சின் அதிர்வதால் இடையிலே ரப்பர் குழாய்கள் வேண்டும். இத்தனை சந்துகள் இருந்தால் வாயு மெல்ல மெல்லக் கசியத்தான் செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'கேஸ் அடிப்பது' கார்க்காரர்களுக்குப் பழகிப்போன செலவு. கூரைப் பெட்டியின் கதை வேறு. அதிலே மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே எஃகுக் குடத்துக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டவை. குழாய்கள் முழுவதும் உலோகம். இணைப்புகள் எல்லாம் பற்றுவைப்பு. வாயு நிரப்பும் வாய்கூடப் பல பெட்டிகளில் கிடையாது. தொழிற்சாலையில் நிரப்பி நசுக்கி அடைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் இருபது, முப்பது ஆண்டு ஓடும் பழைய ஃபிரிட்ஜைப் போன்ற அமைப்பு இது. அரை நூற்றாண்டு கழித்தும் முழு வாயுவோடு இருக்கும் பெட்டிகள் உண்டு என்பதில் வியப்பில்லை.

அப்படியானால் கெடுவது எது? பெரும்பாலும் மலிவான பொருள்களே. முதல் சந்தேகம் மின்தேக்கியின் மீது விழ வேண்டும்; கடைத்தெருவில் கெப்பாசிட்டர் என்பார்கள். ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குச் சுழலத் தொடங்கும் திசையையும் உந்துதலையும் தருவது இதுதான். ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்து அதன் கொள்திறன் குறைந்துவிடும். மேலே 40 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருக்கும்; அளந்தால் 25 காட்டும். மோட்டார் முனகும், சுழலாது. கம்ப்ரஸர் ஒரு நொடி உறுமும், பிறகு அதன் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில பத்து டாலருக்குள் முடியக்கூடிய இந்தக் கோளாறுக்காக ஆயிரம் டாலர் அளவில் செலவழித்துப் புதுப்பெட்டி வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது?

அடுத்தது அழுக்கு. பெட்டிக்குள் குளவிகள் கூடு கட்டும், எலி பஞ்சு சேர்க்கும். வெப்பத்தை வெளியே தள்ளும் சுருளின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே புழுதி கெட்டியாக அடைத்துவிடும். காற்றுப் போகாத சுருளால் வெப்பத்தை இறக்க முடியாது, அழுத்தம் ஏறும், மின்னோட்டம் ஏறும், காப்பு விழும். உட்பக்கச் சுருள் அடைத்தாலோ அதன்மேல் பனிக்கட்டியே படரும். அதையும் பார்த்தவர்கள் 'கேஸ் குறைவு' என்றே தீர்ப்பளிப்பார்கள். தூரிகையும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவி, வளைந்த தகடுகளைச் சீப்பால் நிமிர்த்தி, விசிறி மோட்டாரில் எண்ணெய்த் துளை இருந்தால் சில சொட்டு விட்டுப் பார்த்த பின்புதான் வேறு பேச்சு.

இவற்றைச் சோதிக்க நம் இயற்பியல் ஆய்வகத்திலே கிடக்கும் மல்ட்டிமீட்டர் போன்ற ஒன்றும் ஒரு வெப்பமானியும் போதும். ஆனால் மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது பாவம். கேபிளைக் கம்பத்திலிருந்து பிடுங்கிவிட்டே கூரை ஏற வேண்டும். ஏறியபின் பலகை போட்டு, சட்டங்களின்மேல் பாரம் விழுமாறு இருக்க வேண்டும். அந்த அலுமினியத் தகடு ஆள் பாரத்தில் குழிந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; 20,000 ஓம் அளவுள்ள மின்தடை வழியாக அதை வடித்த பின்பே கைவைக்க வேண்டும். அத்துடன், 1979இல் அமெரிக்கா தடை செய்வதற்கு முன்பு செய்யப்பட்ட மின்தேக்கிகளின் எண்ணெயில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் இருக்கக்கூடும். உப்பி ஒழுகும் பழைய டப்பாவை வெறுங்கையால் தொடுவதும், குப்பைத் தொட்டியில் வீசுவதும் கூடாது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். பல சமயங்களில் குற்றம் பெட்டியிலேயே இராது, மின்சாரத்தில் இருக்கும். அமெரிக்காவில் சாதாரண இணைப்பு 120 வோல்ட். நம்முடைய 230 வோல்ட்டோடு ஒப்பிட்டால், அதே வேலைக்கு ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படும். 13,500 பி.டி.யு. பெட்டி, அதாவது நம் கடைகளில் சொல்லும் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்டது, ஓடும்போது 13 ஆம்பியர் அளவில் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் நான்கு மடங்கு, 50 ஆம்பியர் வரை தாவும்.

இப்போது ஓம் விதியை நினைவுகூர்வோம். ஒருவர் கடையில் மலிவாகக் கிடைத்த, 16 கேஜ் கம்பியுள்ள, 50 அடி நீட்டிப்புக் கேபிளைப் போடுகிறார். அந்தக் கம்பி ஆயிரம் அடிக்குச் சுமார் 4 ஓம் தடை தரும். போக 50 அடி, வர 50 அடி, மொத்தம் 0.4 ஓம். ஓடும்போது இழப்பு 5 வோல்ட்தான். அதனால் விளக்குகள் எல்லாம் நன்றாகவே எரிகின்றன, அவருக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் 50 ஆம்பியர் இழுக்கும் அந்த ஒரு கணத்தில் கேபிளிலேயே 20 வோல்ட் கரைந்துவிடுகிறது. கோடை நடுப்பகலில், எல்லா வண்டிகளும் குளிர்சாதனம் போட்டிருக்கும் திடலில், கம்பத்திலேயே 112 வோல்ட்தான் இருந்தால், பெட்டிக்குக் கிடைப்பது 92. மோட்டாரின் திருப்புவிசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவது. கணக்குப் போட்டால் அறுபது சதவீதம்கூட இல்லை! பழைய கம்ப்ரஸர் அந்த அரைவயிற்றுக் கஞ்சியில் எப்படி எழுந்து நிற்கும்? எழாமல் முனகிக்கொண்டே வெந்து போகும். வாயு போகவில்லை, மோட்டார் கெடவில்லை. ஆனால் இப்படியே பத்து முறை முயன்றால் மோட்டார் உண்மையாகவே கெட்டுவிடும். 10 கேஜ் கம்பியுள்ள தடித்த கேபிளை மாற்றிப் போட்டதும், செத்ததாகக் கருதப்பட்ட பெட்டி உயிர் பெறுவது இதனால்தான். வண்டிக்குள் இருக்கும் துருவேறிய செருகிகளும், தளர்ந்த திருகுகளும் இதே துரோகத்தைச் செய்யும். பெட்டி கிளம்பும் வேளையில் அதன் முனைகளில் வோல்ட் அளக்காதவர் சொல்லும் எந்தத் தீர்ப்பையும் நான் ஏற்க மாட்டேன்.

பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை" என்ற புகார் அடுத்து வரும். இங்கேதான் வெப்பமானி. பெட்டி உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் வேறுபாடு 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் அது தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. குற்றம் மெல்லிய சுவரிலும், சுற்றிலும் உள்ள கண்ணாடிச் சன்னல்களிலும், நிழலில்லாத இடத்தில் நிறுத்தியவரிடத்திலும்தான். மரத்தடிக்கு இழுத்துப் போனால் தீரும் வியாதிக்கு வைத்தியனைத் தேட வேண்டியதில்லை.

முன்பே சொன்னேனே, திறந்துவிடக் கூடாதது என்று, அதற்கு வருவோம். இப்பெட்டிகளில் இருப்பது ஆர்-22 என்னும் வாயு. ஓசோன் படலத்தைக் குளோரின் அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின்மேல் அந்தப் படலம் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. குளிர்பதன வாயுவை வேண்டுமென்றே காற்றில் விடுவதை அமெரிக்கா 1992 ஜூலையில் சட்டவிரோதமாக்கியது. 1994 நவம்பரிலிருந்து தேர்வெழுதிச் சான்று பெற்றவர்களே அந்த வாயுக் குழாயைத் திறக்கலாம். 2020 தொடங்கியபோது ஆர்-22 உற்பத்தியும் இறக்குமதியும் நின்றன. இப்போது கிடைப்பது பழைய இருப்பும், மீட்டுச் சுத்திகரித்ததும் மட்டுமே. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் ஒரு கிலோ ஆர்-22, கரியமில வாயு 1,810 கிலோவுக்குச் சமம். ஒரு பெட்டியிலிருந்து அரைக்கிலோ தப்பினாலே 900 கிலோ! கழற்றி எறியச் சொல்பவர்கள் கழற்றிய பெட்டி எங்கே போகிறது என்று கேட்பதில்லை. இரும்புக் கடையில் செம்புக்காக யாரோ ஒருவர் குழாயை அறுத்தால், அரை நூற்றாண்டாகச் சிறைப்பட்டிருந்த வாயு ஒரு நிமிடத்தில் வானேறும். புதுப்பெட்டி என்றால் புண்ணியம் என்றும் எண்ண வேண்டாம். ஆர்-22க்கு மாற்றாகப் பரவிய ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது என்பது உண்மை, ஆனால் அதன் வெப்பக் கணக்கு 2,088.

இதே காரணத்தால், மறுதிசையில் ஓடும் கூட்டத்தையும் நான் ஆதரிக்க முடியாது. எதையும் சரிசெய்தே தீருவேன் என்று, நன்றாயிருக்கும் குழாயில் துளையிட்டு வாய் பொருத்தி அழுத்தம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அளந்து பார்க்கும் ஆசையில் கசிவை உண்டாக்கும் வேலை அது. வண்டி 1965 என்றால் பெட்டியும் 1965 ஆகவே இருக்க வேண்டும் என்று பழைமைக்காகவே பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. அது அலங்காரம், காரணமாகாது. கம்ப்ரஸரின் மின்முனைக்கும் அதன் எஃகுக் குடத்துக்கும் இடையே மின்தொடர்பு காட்டினால், உள்ளே சுற்று எரிந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியின் உலோக உடம்பைத் தொடும் குழந்தைக்கும் ஆபத்து. பெட்டி இறங்கியே ஆக வேண்டும். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை படிந்திருந்தால் வாயு உண்மையாகவே கசிந்திருக்கிறது. கிடைப்பதற்கரிய வாயுவை ஓட்டைப் பானையில் ஊற்றுவது நியாயமில்லை. அப்போது சான்று பெற்றவரை அழைத்து எஞ்சிய வாயுவைச் சிலிண்டரில் இறக்கிய பிறகு பெட்டியைக் கழற்றலாம்.

இறக்கும்போது நல்லவேளையாக ஒரு வசதி உண்டு. பெரும்பாலான வண்டிகளில் கூரைத் துளை 14 அங்குலச் சதுரம். இன்றைய பெட்டிகளும் அதே அளவுக்கே செய்யப்படுகின்றன. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது வைத்து, அது பாதிக் கனத்துக்கு அமுங்கும் வரை நான்கு மூலை போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கியவருடைய படுக்கை அடுத்த மழையிலேயே நனையும்.