ஆறு மணிக்கு வீடு வரும் போன்

கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டது 2020 மார்ச்சில். அதன்பின் ஒன்றரை வருடத்தின் பெரும்பகுதி, வகுப்பு போனுக்குள்தான் நடந்தது. எங்கள் பதுளை மாவட்டத்தில் அந்த வகுப்பைத் தேடிப் பிள்ளைகள் மலையேறினார்கள். பொஹிட்டியாவைக் கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் சிக்னலுக்காகக் காட்டுப் பாதையில் பாறை உச்சிவரை நடந்தார்கள். லுணுகலையில் காட்டுக்குள் முப்பதடி உயர மரவீட்டுக்குப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கூட்டிப் போனார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படமெடுத்துப் போட்டன. பார்த்தவர்கள் பிள்ளைகளின் ஆர்வத்தை மெச்சினார்கள். பாறை ஏறாத பிள்ளைகளை யாரும் படமெடுக்கவில்லை. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் கூடிப்போனால் 40 சதவீதமே இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று அப்போது சொன்னவர் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின்.

அந்நாட்களில் நான் பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்குக் கணிதம் படிப்பித்தேன். காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவேன். பதில் வராது. பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தவறு என்னுடையது. ஒன்பது மணிக்கு அந்தப் போன் மலையில் கொழுந்தெடுக்கும் தாயிடம் இருந்தது. ஆறு மணிக்கு வீடு வந்தால் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். அதில் டேட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

வீடியோவை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடக் குரல்பதிவை மாலையில் அனுப்பத் தொடங்கினேன். கணக்குத் தாள்களைப் பிள்ளைமடுவத்தில் கொடுத்து வைத்தேன். கைக்குழந்தையை விட வரும் தாய்மார் எடுத்துப் போனார்கள். ஒருநாள் இரவு பத்தரைக்கு ஒரு படம் வந்தது. லயக் காம்பராவின் மஞ்சள் பல்ப் வெளிச்சம், கொப்பியின் மேல் எழுதிய கையின் நிழல், அதற்குள் சரியாகச் செய்த இருபடிச் சமன்பாடு. அதுவரை குழுவில் ஒரு சொல்கூட எழுதாத பிள்ளை அவள்.

இன்று பாடசாலைகளுக்கு ஸ்மார்ட் போர்ட் வருகிறது. நான் அதற்கு எதிரி அல்ல. குணகத்தை மாற்ற மாற்றப் பரவளைவு ஒடுங்குவதையும் விரிவதையும் திரையில் பார்த்த வகுப்பு, நான் கரும்பலகையில் பத்துத் தடவை கீறியும் விளங்காததை ஒரே பாடவேளையில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்றரை மணிக்கு மணியடித்தால் அந்தப் பலகை பூட்டிய அறைக்குள். பிள்ளையோடு லயத்துக்குப் போவது கொப்பி மட்டுமே. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பாடசாலையிலேயே மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தால் டேட்டாவும் வேண்டாம், பாறையும் ஏற வேண்டாம். ஒரு பலகையின் விலையில் எத்தனை கார்டுகள் வாங்கலாம்!

வலயக் கல்வி அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த பலகையை இறக்குமுன் ஒரு காலை, தொழிலாளர் வேலைக்குப் போகுமுன் கூடும் பெரட்டுக்களத்துக்கு வாருங்கள். வீட்டுப் போன் எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வருகிறது என்று அங்கே நிற்கும் தாய்மாரிடம் கேளுங்கள்.