கூலிக்கு ஒரு கணக்கு, கிழவிக்கு ஒரு கணக்கா?

பல பொருள்களின் விலை மாற்றத்தை ஒரே எண்ணில் அடக்கிச் சொல்வது விலைக் குறியீட்டெண். ஓர் ஆண்டில் ஒரு குடும்பம் வாங்கிய சாமான்களின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொண்டு, அதே சாமான்களை அதே அளவில் இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று பார்ப்பார்கள். 135 ஆனால் விலைவாசி 35 சதவீதம் ஏறியிருக்கிறது. ஜெர்மானியப் பொருளியலாளர் லாஸ்பேர் 1871இல் வகுத்துத் தந்த முறை இது. இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்கள் இன்றும் இந்த வழியை ஒட்டியே கணக்கிடப்படுகின்றன.

பெருக்கலும் வகுத்தலும் எளிது. யாருடைய சாமான் பையை எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்திலுள்ள அவலூர்பேட்டையில் இரண்டு குடும்பங்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வாங்குவது ஒரே வாரச்சந்தையில், ஒரே மளிகைக் கடையில். விவசாயக் கூலிக் குடும்பம் தன் செலவில் 100க்கு 60 ரூபாயைச் சாப்பாட்டுக்கே கொடுக்கிறது. அரசு ஊழியர் குடும்பம் 30 ரூபாய் கொடுக்கிறது. உணவு விலை 10 சதவீதமும் மற்றவை 2 சதவீதமும் ஏறினால், கூலிக் குடும்பத்துக்கு விலைவாசி 6.8 சதவீதம் ஏறியிருக்கும். ஊழியர் குடும்பத்துக்கு 4.4 சதவீதம்தான். தக்காளி இரண்டு வீட்டுக்கும் ஒரே விலைக்குத்தான் வந்தது. ஆனாலும் பணவீக்கம் ஒன்றல்ல.

இதனால்தான் இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீட்டெண்கள் உள்ளன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதற்குமான நுகர்வோர் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒன்று, விவசாயத் தொழிலாளர்களுக்கு ஒன்று, கிராமத் தொழிலாளர்களுக்கு ஒன்று என்று தொழிலாளர் பணியகம் தனியாகக் கணக்கிடுகிறது. மொத்த விலைக் குறியீட்டெண்ணும் உண்டு; ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற சேவைகள் அதில் கிடையாது என்பதால் குடும்பத்தின் கஷ்டத்தை அளக்க அது உதவாது.

அவலூர்பேட்டைக் கூலிக்காரருக்கு நெருக்கமானது விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண். அதன் கதை வருத்தம் தருவது. 1986-87ஐ அடிப்படையாகக் கொண்ட அந்த வரிசையின் கூடை, அதாவது சாமான் பை, 1983இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அதில் உணவின் பங்கு மட்டும் 69.15 சதவீதம். இந்தக் கூடையே 2025 வரை புழக்கத்தில் இருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் கூலி வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர் வந்தது, செல்போன் ரீசார்ஜ் வந்தது, பைக்குக்குப் பெட்ரோல் வந்தது, பிள்ளைக்கு வேன் கட்டணம் வந்தது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புற இந்தியாவில் உணவின் பங்கு சராசரியாக 47 சதவீதம். தானியத்தின் பங்கு வெறும் 5 சதவீதம். கூலிக் குடும்பத்தில் உணவுச் செலவு இந்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் 1983இன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு 2024இன் விலைவாசியை அளந்தது தவறு. உணவு விலை மெதுவாக ஏறி மற்றவை வேகமாக ஏறும் ஆண்டுகளில், பழைய கூடை விலையேற்றத்தைக் குறைத்தே காட்டும். 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2025 ஜூலையில்தான் வெளிவந்தது. விலை சேகரிக்கும் கிராமங்கள் 600இலிருந்து 787 ஆயின. பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தும் இணைப்புக் காரணி 9.69. அதாவது பழைய வரிசையின் 969, புதிய வரிசையில் 100.

பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியை விலை குறைந்தது என்று படிப்பவர்கள் பலர். இரண்டும் வேறு. குறியீட்டெண் இன்றைய உயரத்தைச் சொல்கிறது. பணவீக்க விகிதம் கடந்த ஓராண்டில் ஏறிய படிகளைச் சொல்கிறது. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம், உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்காக 2023க்கு முந்தைய விலை திரும்பி வந்துவிடவில்லை. ஏறிய படியிலேயே நின்றது, அவ்வளவுதான். அதே மாதம் உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் இறங்கியிருந்தன. வாங்குபவருக்கு அது ஆறுதல். தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் போட்டு, கூடையைச் சந்தைக்குத் தூக்கி வந்தவருக்கு அது வருமான வெட்டு.

வருமானத்தின் கதையும் இப்படித்தான். கையில் வரும் ரூபாய் பண வருமானம். அதைக் குறியீட்டெண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது உண்மை வருமானம். முன்பு நெல்லாகவே கூலி அளந்த காலத்தில் இந்த வகுத்தல் தேவைப்படவில்லை. நெல் விலை ஏறினால் கூலியின் மதிப்பும் கூடவே ஏறியது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் ஆய்வுக்கு எடுத்த கிராமங்களில், அன்றைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டும் ஒன்று. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. பின்னர் வந்த ஆய்வாளர்களும் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். இத்தனை நீண்ட காலத்தின் கூலியை ஒப்பிட, ரூபாயைவிட மரக்காலும் படியும் நம்பகமான அளவுகள். கூலி ரொக்கமாக மாறியபோது அந்தக் காப்பு போய்விட்டது. அதன் இடத்தில் குறியீட்டெண் வந்து உட்கார வேண்டியிருந்தது.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் அது உட்கார்ந்தது. 2006 பிப்ரவரியில் முதல் கட்டத்திலேயே திட்டம் வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. 2011 முதல் அதன் கூலி விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டது. தமிழகத்துக்கான நாள் கூலி 2019-20இல் 229 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். ரூபாயில் 47 சதவீத உயர்வு. அகில இந்தியக் குறியீட்டெண் 2025 மே மாதம் பழைய வரிசையில் 1305. 2019இன் சராசரியோடு ஒப்பிட்டால் விலைவாசி 34.7 சதவீதம் ஏறியிருந்தது. 336ஐ அந்த ஏற்றத்தால் வகுத்தால் 2019 விலையில் 249 ரூபாய். ஆக, ஆறு ஆண்டுகளில் உண்மை உயர்வு 9 சதவீதம். இதிலும் பெரும்பகுதி, 2020இல் கூலி ஒரேயடியாக 256 ரூபாய் ஆனதால் வந்தது. அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வருவது, அளந்து பார்க்கும் வேலையின் அளவைப் பொறுத்தது. இத்திட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலும் கூலியும் விலைவாசியும் பிரியாமல் இருக்க வேண்டும்.

இதே அளவுகோலை நெல்லுக்கும் வைத்துப் பார்க்கலாம். சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் ஆதார விலை 2019-20இல் குவிண்டால் 1815 ரூபாய், 2025-26இல் 2369. உயர்வு 30.5 சதவீதம். விலைவாசியைவிடக் குறைவு, 2019 விலையில் அது 1759 ரூபாய்தான். மாநில ஊக்கத்தொகையைச் சேர்த்தால் 1865, 2500 ஆகியிருக்கிறது. அப்போதும் உண்மை விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவலூர்பேட்டை கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், மூட்டைகளை அடுக்கிவிட்டு விலைச் சீட்டுக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இன்னொரு சுமையும் உண்டு. விதை, உரம், டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திர வாடகை எதுவும் நுகர்வோர் கூடையில் இல்லை. அவற்றைக் கழித்தது போக மிஞ்சுவதைத்தான் குறியீட்டெண்ணால் வகுக்க வேண்டும். விற்ற விலையை அல்ல.

குறியீட்டெண்ணோடு கட்டப்படாத வருமானம் என்ன ஆகும் என்பதற்கு முதியோர் உதவித்தொகையே சான்று. தமிழகத்தில் அது 2011இல் மாதம் 1000 ரூபாய் ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் இருந்து, 2023 ஆகஸ்டில் 1200 ஆனது. இந்த இடைவெளியில் விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண் ஏறத்தாழ இரு மடங்கானது. 2011இன் விலையில் பார்த்தால், 2023இல் கைக்கு வந்தது சுமார் 600 ரூபாய்தான். உயர்த்திக் கொடுத்த பிறகும் 400 ரூபாய் குறைவு. இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2011 முதல் 200 ரூபாய்.

மறுபக்கம், அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆலைத் தொழிலாளர் குறியீட்டெண்ணைப் பார்த்து ஆண்டுக்கு இரு முறை திருத்தப்படுகிறது. 2016இல் பூஜ்யத்தில் தொடங்கிய அது, 2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 58 சதவீதமாக இருந்தது. அவர்களுக்கு அது நியாயமான உரிமை. விலைவாசி ஏறுவதை அரசே அளந்து, அரசே ஈடுகட்டும் வழி இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. போராடிப் பெற்றவர்களுக்குக் கிடைத்த அந்த வழி, கைநாட்டு வைத்து உதவித்தொகை வாங்கும் கிழவிக்கு மட்டும் அடைக்கப்பட்டிருப்பது அநீதி.

கூலித் தொழிலாளருக்கான புதிய கூடை கையில் இருக்கிறது. அதன் எண் மாதந்தோறும் வெளிவருகிறது. முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகையை ஏப்ரல்தோறும் அந்த எண்ணின்படி உயர்த்த ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்ற வேண்டும்.