வேலி மட்டும் போதுமா?

அருகிப்போன மரத்துக்கு வேலியிட்டுவிட்டால் அது பிழைத்துவிடும் என்னும் எண்ணம் குடியானவர்களிடத்தும் கிராம அதிகாரிகளிடத்தும் பெரிதும் காணப்படுகிறது. இது பாதி உண்மையே என்பது எமது அபிப்பிராயம். இந்து மகாசமுத்திரத்தில், மொரீஷியஸுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ரோட்ரிக்ஸ் தீவின் சிறுமரம் ஒன்றன் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தீவார் அதனைக் 'காபே மரோன்', அதாவது காட்டுக்காப்பி, என்பர். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூ நட்சத்திரம்போல் வெளுத்திருக்கும். இளங்கன்றின் இலை குறுகி நீண்டு பழுப்பாகவும், வளர்ந்த மரத்தின் இலை அகன்று பச்சையாகவும் இருக்கும். தீவில் முற்காலத்தில் மலிந்திருந்த பேராமைகளுக்குத் தப்பவே கன்று இவ்வேஷம் பூண்டது என்று தாவர சாஸ்திரிகள் கருதுகின்றனர். பின்னர் வந்த ஆடுமாடுகளிடம் அவ்வேஷம் பலிக்கவில்லை போலும்! அடியோடு அழிந்ததென்று எண்ணப்பட்ட இம்மரத்தை 1980-ல் ஒரு பள்ளிச் சிறுவன் கண்டுபிடித்தான். எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

உடனே வேலியிட்டனர். அதனை மருந்தென நம்பிய ஜனங்களோ வேலியைத் தாண்டிக் கிளைகளை ஒடித்தனர். வேலிக்குமேல் வேலி போடவேண்டியதாயிற்று. ஜனங்களை மட்டும் நோவது நியாயமன்று. மருந்து வேண்டியவனுக்குக் கொடுக்க வேறொரு கன்றும் இல்லாதபோது அவன் அம்மரத்தையன்றி எதை நாடுவான்? வேலி எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு புயற்காற்றைத் தடுக்குமா?

1986-ல் தான் அதன் போத்துகள் இங்கிலாந்திலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. ஒன்று வேர்பிடித்தது, அதிலிருந்து மேலும் செடிகள் உண்டாக்கினர். அவை பூத்தனவேயன்றிக் காய்க்கவில்லை. போத்தினால் வளர்ந்த செடிகள் எத்தனையாயினும் தாய்மரத்தின் உடலேயாதலால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். 2003-ல் அத்தோட்டத்தைச் சேர்ந்த கார்லோஸ் மக்தலேனா என்பவர் பூவின் சூல்முடி நுனியை அறுத்து, வெட்டுவாயிலேயே மகரந்தத்தை வைத்து விதை பெற்றார். இடையில் கழிந்தவை 17 வருஷங்கள்.

அருகிய மரமொன்று நம் எல்லைக்குள் நின்றாலும், வேலிக்கால் நடும் அன்றைக்கே தக்க அனுமதியுடன் போத்தும் விதையும் எடுத்து, வெவ்வேறு மூன்று இடங்களிலேனும் வளர்த்தல் வேண்டும். தாய்மரம் இன்னதென்று கணக்கிலும் எழுதி வைத்தல் நலம். செலவு சொற்பமே.

கியூவில் விளைந்த காட்டுக்காப்பி விதைகள் பின்னர் ரோட்ரிக்ஸுக்கே திரும்பின. இனி அங்குச் செலவிடும் பணத்தில் கம்பியைவிட நாற்றங்காலுக்கே பெரும்பங்கு ஒதுக்கவேண்டும் என்போம். மருந்துக்காகக் கிளை தேடும் வீட்டாருக்கே முதலில் ஒவ்வொரு கன்று கொடுத்து, ஆடு தின்னாதபடி காக்கும் முறையையும் கற்பித்தல் வேண்டும்.